நவநீத் வண்டியின் விளக்குப் பட்டை

லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் நவநீத்துக்கு மூன்றாம் மாடியில் நல்ல ஃபிளாட் இருந்தது. இப்போது அங்கே அவன் மனைவி சாய்பிரியாவும் ஏழு வயது மகள் மேக்னாவும் இருக்கிறார்கள். அவன் என் பால்கனிக்குக் கீழே ஒரு பழைய வேனில் இருக்கிறான். உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து ‘மோட்டார் ஹோம்’ என்கிறான். ஹோம்தான், குடும்பம்தான் இல்லை.

டிசம்பரில் இரண்டு நாள் மகளைப் பக்காலி கடற்கரைக்குக் கூட்டிப்போக அலிப்பூர் கோர்ட்டில் அனுமதி கிடைத்தது. சாய்பிரியா படிக்கட்டிலேயே நிபந்தனை போட்டாள். நான் அப்போது தற்செயலாகக் கோலமாவு டப்பாவோடு வாசலில் நின்றேன்.

“அவளுக்கு இருட்டுன்னா எவ்வளவு பயம்னு உனக்கே தெரியும். வண்டிக்குள்ள ஒரு தடவை இருட்டுல அழுதாள்னு ஃபோன் வந்துச்சுன்னா, அதோட சரி. நேரா ஜட்ஜ்கிட்ட போயிருவேன்.”

அன்றிலிருந்து அவனுக்கு விளக்கே வேலை. காளி பூஜைக்கு மிஞ்சிய மலிவு எல்.இ.டி. பட்டையை வாங்கி, மகள் உட்காரும் பின்சீட்டுக்கு மேல் ஒட்டினான். பாதி எரிந்தது. வெட்டக்கூடாத இடத்தில் வெட்டியிருக்கிறான். வெட்டுவதற்கென்று குறித்த செம்புப் புள்ளி பார்த்து மறுபடி வெட்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்தான். எரிந்தது. நிறுத்திய வண்டியில் நாலு மணி நேரம் எரியவிட்டுச் சோதித்தான், கண்ணே சிமிட்டவில்லை. ஆனாலும் இரண்டு நாளைக்கொரு முறை ஒரு துண்டு செத்துப்போகும். “சீப் சரக்கு ஆன்ட்டி” என்று புதிதாக ஒட்டுவான்.

காரணம் எனக்குத் தெரியும். சாயங்காலம் காய்கறி லாரி வந்தால் வழிவிட இன்ஜினைப் போட்டு வேனை நகர்த்துவான். அப்போது பட்டை வெள்ளை வெளேரென்று பொங்கி நடுங்கும். அவன் முன்சீட்டில் இருப்பான், நடுவில் திரை. இறங்கிப் பின்னால் வரும்போது இன்ஜினும் நின்றிருக்கும், ஒரு துண்டும் அணைந்திருக்கும்.

முதல் தடவை பார்த்ததுமே எதிர்வீட்டு லதாவுக்குப் போன் போட்டேன். “இன்ஜினைப் போட்டா அவன் லைட்டுக்குச் சாமி வந்துருதுடி!”

“அவர்கிட்ட சொன்னீங்களாக்கா?”

“எனக்கெதுக்கு வம்பு?”

சந்தில் ஏழு வீட்டுக்குத் தெரிந்தது. சிரித்தோம். அவனுக்கு மட்டும் தெரியாது.

ஒருநாள் அவனே அண்ணாந்து கேட்டான். “ஆன்ட்டி, நீங்க மேலேருந்து பாக்கறீங்கல்ல, இது எப்ப அணையுதுன்னு கவனிச்சீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. “உன் வண்டிய நான் எதுக்குப்பா பாக்கணும்? எனக்கு வேற வேலை இல்லையா?” என்று உள்ளே போனேன். திரைச்சீலை ஓரமாக நின்று பார்த்தேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கிளம்பும்போது மேக்னா எனக்கு டாட்டா காட்டினாள். வங்காளி வழக்கப்படி அவளுக்கு நான் மாஷி, அதாவது சித்தி. “மாஷி, என் சீட்டுக்கு மேல ஸ்டார்ஸ் மாதிரி லைட்டு!”

டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும். டயமண்ட் ஹார்பர் தாண்டியதும் பட்டை மொத்தமாக அணைந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் இன்ஜின் ஓடினால் வேறென்ன ஆகும்? அவன் வேனை ஓரங்கட்டி செல்போன் டார்ச் அடிப்பதற்குள் குழந்தை, அம்மா கொடுத்தனுப்பிய ஃபோனில் அவளைக் கூப்பிட்டு அலறிவிட்டாள். சாய்பிரியா டாக்ஸி பிடித்துப் போய் வழியிலேயே மகளைத் திருப்பிக் கூட்டிவந்துவிட்டாள்.

மறுநாள் காலை வேன் தனியாக வந்தது. அவன் இன்ஜினை ஓடவிட்டு வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தான். “பன்னெண்டு வோல்ட் பட்டை ஆன்ட்டி. ஓடும்போது பதினாலரை போகுது. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...” நான் காயாத துணியைத் திருப்பிப் போட்டேன்.

வோல்ட்டை மட்டுப்படுத்தும் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டான். அடுத்த வாய்தா மார்ச்சில். மகளை அனுப்பக்கூடாது என்று சாய்பிரியா மனு போட்டாயிற்று.

நேற்று சாயங்காலம் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன்சீட்டிலிருந்து, திரும்பாமலே கேட்டான்.

“ஆன்ட்டி, எரியுதா?”

காலியான பின்சீட்டின் மேல் வெளிச்சம் அசையாமல் நின்றது.

“எரியுதுப்பா,” என்றேன். “பாத்துட்டுதான் இருக்கேன்.”