நினோங் ஊரில் இல்லை

வாசல் கதவுக்கு வெளியே பூட்டுப் போட்டுவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக நான் உள்ளே வந்தபோது, என் புருஷன் யானோ சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாழையிலையில் அவித்த ஒட்டரிசிப் பண்டத்தை நிதானமாகப் பிரித்துக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸ் காலை. தெருவெல்லாம் பாட்டும் பன்றி வாட்டும் புகையுமாக இருக்க, எங்கள் வீட்டில் மட்டும் ஜன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்து, ரேடியோவின் வாயையும் அடைத்து வைத்திருந்தேன். சமார் தீவில் என் அக்கா வீட்டுக்குப் போகிறோம் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியாயிற்று. அவள் சிரித்தாள். சிரிக்கட்டும். இந்த நாளில் ஞானத்தகப்பன்மார் தலைமறைவாவது எங்கள் பிலிப்பைன்ஸில், அதுவும் தக்லோபானில், புதிய விஷயமில்லை. யானோ தலைமறைவாவதுதான் புதிது.

இங்கே ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் ஒரு ஞானத்தகப்பன், எங்கள் பேச்சில் நினோங், போதாது, பத்துப் பேரை நிறுத்துவார்கள். கேட்டால் மறுக்கக் கூடாது, மறுத்தால் பிள்ளைக்கு ஆகாது. மற்ற ஆண்கள் கேட்க வருகிறவனைத் தூரத்தில் பார்த்ததுமே வேறு தெருவில் திரும்பிவிடுவார்கள். என் வீட்டுக்காரன் நின்று, தோளில் கை போட்டு, பெயர் என்ன வைக்கப்போகிறாய் என்று விசாரிப்பான். பஸ் ஷெட்டில் மெக்கானிக் வேலை. டிரைவர், கண்டக்டர், டயருக்குக் காற்றடிப்பவன், யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அவர்கள் வாயில் வரும் முதல் பெயர் இவனுடையது. மொத்தம் எத்தனை ஞானப்பிள்ளைகள் என்று இவனுக்கே தெரியாது. கிறிஸ்துமஸ் அன்று தெரியும். விடிந்ததும் "நினோங்! நினோங்!" என்று வாசலில் கூட்டம் கூடிவிடும். புதுச் சட்டையும் பவுடருமாக ஒவ்வொன்றாக வந்து, அவன் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, காசு விழும்வரை அந்தக் கையை விடாமலே நிற்கும். வருஷக் கடைசியில் கம்பெனி போனஸாகக் கொடுக்கிற பதின்மூன்றாம் மாதச் சம்பளம் அந்தக் கை வழியாகவே போய்விடும். போன வருஷமும் போயிற்று, அதற்கு முந்தின வருஷமும் போயிற்று. நர்சிங் படித்து முடித்த என் மகள் ஜெரலின், லைசென்ஸ் பரீட்சைக்கான பயிற்சி வகுப்பில் சேரப் பணமில்லாமல், மாலில் கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்று ஊரார் வாங்கும் பொம்மைகளுக்குப் பில் போட்டுக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கும் அவளுக்கு வேலை. சாயங்காலம் வருவாள், வகுப்புக்குக் கட்ட வேண்டிய பணத்தை வாங்கிக்கொண்டு போக.

இந்த வருஷம் விடுவதில்லை என்று ஜனவரியிலேயே முடிவு கட்டினேன். கத்திப் பார்த்தாயிற்று, அழுது பார்த்தாயிற்று. பங்குச் சாமியார்தான் சொன்னார், "டோரிங், ஏசாத. சின்னதா ஏதாவது மிச்சம் பிடிச்சா தட்டிக் குடு. மனுஷன் தானா மாறுவான்." சரி என்று தட்டிக் கொடுத்தேன். நண்பர்களுக்குப் பீர் வாங்கித் தராமல் வீடு வந்த நாளில் கருவாட்டைத் தனியாகப் பொரித்து வைத்தேன். பழைய செருப்பைத் தைத்துப் போட்டுக்கொண்டால், உன்னைப்போல் உண்டா என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது. ஐம்பது வயது ஆண்பிள்ளையை, பல் முளைத்த குழந்தையைக் கொஞ்சுவது போலக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். ஆனால் பலித்தது. டிசம்பரில் சம்பள உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்து என் கையில் வைத்தான். அன்றைக்கு நான் அழுதேன். உறையை வீட்டுப் பீடத்தில் இருக்கும் குழந்தை இயேசு சுரூபத்தின் சிவப்பு வெல்வெட் அங்கிக்குள்ளே அவன் கண் முன்னாலேயே செருகினேன். அங்கே கை வைக்க இந்த ஊரில் திருடனுக்குக்கூடத் துணிவு வராது. "அவரு பாத்துக்குவாரு" என்று சொல்லி யானோ சிலுவை போட்டுக்கொண்டான்.

இப்போது எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான். நான் கதவைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். முதல் சத்தம் எப்போது வரும், வந்தால் இவன் எழுந்துவிடுவானா, எழுந்தால் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டுமா என்று மனசு அடித்துக்கொண்டது. தெருவில் பிள்ளைகள் ஓடினார்கள். எங்கள் வாசலைத் தாண்டி ஓடினார்கள். எதிர்வீட்டுக் கதவு தட்டப்பட்டது. எங்கள் கதவை யாரும் தட்டவில்லை. பூட்டைப் பார்த்துத் திரும்பியிருப்பார்கள் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். ஆனால் பூட்டைப் பார்க்கவாவது கிட்டே வர வேண்டாமா? யானோ இன்னொரு பண்டத்தை எடுத்துச் சர்க்கரையில் தொட்டான். முள்மேல் இருக்க வேண்டியவன் அப்படிச் சாவகாசமாக மெல்வதைப் பார்த்தபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பொம்பளையின் குரல். "ஏய், அங்க எங்கடி போற? நினோங் யானோதான் நேத்தே பஸ் ஷெட்ல எல்லாருக்கும் குடுத்துட்டாரே! ரெண்டு தடவை வாங்கப் பாக்கறியா, கள்ளி!" பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஓடின.

நான் எழுந்து பீடத்துக்குப் போனேன். அங்கியைத் தூக்கினேன். மரக்கால்கள் இரண்டும் மொட்டையாக நின்றன.

"எப்ப எடுத்த?"

"மெதுவாப் பேசு, டோரிங். வெளிய கேக்கும்."

"கேக்கட்டுமே! இனி எதுக்கு ஒளியணும்? ஒளியறதுக்கு என்ன மிச்சம் வச்சிருக்க? ஒரு பைசா இல்லாதவன் எதுக்குடா எங்கூட உக்காந்து ஒளிஞ்சு விளையாடின?"

"நீ ஆசையா ஏற்பாடு பண்ணின. கெடுக்க மனசு வரல."

சத்தியமாக அப்படித்தான் சொன்னான். கேலியாகச் சொல்லியிருந்தால் கைக்கு அகப்பட்டதை எறிந்திருப்பேன். உண்மையாகவே சொன்னான், அதுதான் தாங்கவில்லை.

"சாமி மடியில கை வச்சிருக்க."

"அவரும் குழந்தைதானே. குழந்தைகளுக்குத்தானே போச்சு." பிறகு அவனுக்கும் சூடு வந்தது. "புயல்ல கூரை பறந்தப்ப யாரு வந்தா? தகரம் தூக்கிட்டு வந்தது யாரு, ஆணி அடிச்சது யாரு? அந்தப் பிள்ளைங்களோட அப்பனுங்கதானே? நீ சேத்து வைக்கிற உறையா வந்து நின்னுது?"

அது பொய் இல்லை. தலைக்கு மேல் இருக்கும் தகரத்தை அவர்கள்தான் அடித்தார்கள். அந்த ஒரு கூரையை வைத்து எத்தனை கிறிஸ்துமஸுக்கு என் வாயை மூடுவான்?

"சரி. அவங்க அவ்வளவு நல்லவங்கன்னா ஆளுக்குக் கொஞ்சம் கேளு. ஜெரலினுக்குன்னு கேளு. சாயங்காலம் வந்து கை நீட்டுவா."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "ஞானத்தகப்பன் போய்க் கேக்கறதா? என்னடி பேசற!"

"அப்ப பெத்த தகப்பன் என்ன பண்றதா உத்தேசம்?"

அவன் விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனைவிட என்மேல்தான் ஆத்திரம் வந்தது. வருஷம் முழுக்கப் பொரித்த கருவாடு எல்லாம் கண்முன்னே வந்து நின்றது.

அப்போது கதவைத் தட்டினார்கள்.

"நினோங்!" சின்னக் குரல். பெண்பிள்ளை. அடுத்து ஒரு ஆணின் குரல், மூச்சு வாங்க. "பூட்டியிருக்குடா செல்லம். ஊருக்குப் போயிட்டாங்க போல."

யானோ உதட்டை மட்டும் அசைத்தான். "டாசியோ." முன்பு ஷெட்டில் டிரைவராக இருந்தவன். வேலையை விட்டுவிட்டு ஜலசந்திக்கு அந்தப் பக்கம், பாசேயில் போய் மீன்பிடிக்கிறான். நேற்று ஷெட்டுக்கு வந்திருக்க மாட்டான். படகேறி வந்திருக்கிறார்கள்.

"வருவாங்க" என்றது குழந்தை. "நினோங் நம்மள விட்டுட்டுப் போகமாட்டாரு. போன தடவை சொன்னாருல்ல?"

"படகு போயிரும், கண்ணு."

"கொஞ்ச நேரம், அப்பா. பாட்டுப் பாடினா வந்துருவாங்க."

படிக்கல்லில் இரண்டு பேர் உட்காரும் சத்தம் கேட்டது. கதவுக்கடியில் தெரிந்த வெளிச்சத்தை ஒரு சின்ன முதுகு மறைத்தது. குழந்தை பாட ஆரம்பித்தது, பாதி வார்த்தைகளைத் தப்புத் தப்பாக. என் இடுப்பு முடிச்சில் மார்க்கெட்டுக்கு வைத்திருந்த நோட்டு ஒன்று இருந்தது, இந்த வாரத்துச் சோறு. அது அங்கே இருப்பது என் புருஷனுக்கும் தெரியும்.

இருட்டில் அவன் என் பக்கம் திரும்பினான். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் ரேகைகளோடு அவனுடைய வலது உள்ளங்கை மெல்ல என் முன்னால் நீண்டது. வெளியே பாட்டு இரண்டாவது அடிக்குப் போயிற்று. அந்தக் கை அப்படியே விரிந்திருந்தது.