கை தெரிந்தால் குதி

படத்தில் கதாநாயகி ஓடினால் நான் ஓடுவேன். அவள் படியில் உருண்டால் நான் உருளுவேன். அவள் சும்மா நின்று அழுதால் எனக்கு அன்றைக்கு வேலை இல்லை. இருபத்தொரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. கதாநாயகிகள் இத்தனை வருடம் அழுத நேரத்தில் நான் வேறு இரண்டு தொழில் கற்றுக்கொண்டிருக்கலாம்.

எங்கள் சண்டைக் கலைஞர் சங்கத்தில் ஒரு விதி உண்டு. மாஸ்டர் ஆக வேண்டுமானால், அதாவது சண்டைக் காட்சிகளை நாமே அமைத்துக் கொடுக்கும் அட்டை வேண்டுமானால், பதினைந்து வருடம் தொழிலில் இருந்திருக்க வேண்டும், ஐம்பது அடிக்கு மேலேயிருந்து ஒரு தடவையாவது குதித்திருக்க வேண்டும். அதைப் பார்த்த மாஸ்டர் நம் கையேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். விதியில் ஆண், பெண் என்று ஒரு வார்த்தை கிடையாது. ரொம்ப நியாயமான விதிதான், போங்கள். ஆனால் கதாநாயகி குதித்தால்தானே நான் குதிக்க முடியும்? அவளைத்தான் எவனாவது வந்து தூக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறானே! என் தம்பி எனக்கு ஒன்பது வருடம் கழித்துத் தொழிலுக்கு வந்தான். கூட்டி வந்ததே நான்தான். அவன் கையேட்டில் பதினான்கு கையெழுத்து. என்னுடையதில் அந்தப் பக்கம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

எனக்கு வயது நாற்பத்தொன்று. இடது முழங்கால் காலையில் எழுந்ததும் எண்ணெய் போடாத கதவு மாதிரி முனகும். இன்னும் ஒரு வருடம் தாங்கும், மிஞ்சிப்போனால் ஒன்றரை. அதற்குள் குதித்தால் மாஸ்டர். இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிவிடலாம்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. பெண் சூப்பர் ஹீரோ படம். முகமூடி போட்டுக்கொண்டு ஊரைக் காப்பாற்றுகிறவள் ஒரு பெண். சுவரில் ஏறுவது, பஸ்ஸை நிறுத்துவது, மாடியிலிருந்து குதிப்பது எல்லாம் அவள்தான். தூக்கிக்கொண்டு போக ஒருவனும் கிடையாது. செய்தியை எங்கள் மாஸ்டர் சொன்னபோது நான் நடுத்தெருவில் நின்று தம்பிக்கு போன் போட்டேன். “அறுபதடிடா! அறுபதடி!” என்று கத்தியதில் பக்கத்தில் போனவர் ஒதுங்கிப் போனார்.

கதைப்படி அவள் செங்கல் சுமக்கிறவள், கறுப்பு. நடிக்க வந்த பெண்ணோ பால் மாதிரி இருந்தாள். அவளை என் நிறத்துக்குக் கொண்டுவர தினமும் இரண்டு மணி நேரம் பூசினார்கள். “கறுப்பா, உடம்பு தெம்பா ஒருத்தியை எங்கெங்கயோ தேடினோம், கிடைக்கவே இல்ல” என்று டைரக்டர் பேட்டி கொடுத்தார். அவருக்கு மூன்றடி தள்ளி நான்தான் நின்றுகொண்டிருந்தேன். தம்பி என் காதில், “அக்கா, இருமிக் காட்டேன்” என்றான். அவனை அங்கேயே குத்தினேன்.

ஆனால் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல பெண். உடைக்கு அளவு கொடுக்க அவளுக்கு நேரமில்லை. டெய்லர் என் உடம்பில் வைத்தே தைத்தார். ரப்பர் துணி, தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒன்பது தடவை போட்டுக் கழற்றினேன். கடைசித் தடவை முகமூடியும் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். சிரிப்பு வந்தது. போனில் ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். பத்து வயது. அவள் வகுப்பில் ஒருத்தி விடாமல் காட்டிவிட்டாள். “எங்கம்மாதான் குதிக்கப் போறாங்க” என்று ஆசிரியர் வரைக்கும் செய்தி போய்விட்டது.

இனி அட்டைப்பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய உயரத்துக்குப் பணமுள்ள கம்பெனிகள் இப்போதெல்லாம் காற்றுப்பைதான் போடும்; தம்பி குதித்த படங்களில் அட்டைப்பெட்டிதான். ஆனால் டைரக்டருக்குப் பிடித்தது ஒரு ஒடுங்கின சந்து. அதில் காற்றுப்பை விரியாது. அதனால் பழைய முறை. வெறும் அட்டைப்பெட்டிகளை வரிசை வரிசையாக அடுக்கி, மேலே மெத்தை போட வேண்டும். விழுகிறவரின் எடைக்குப் பெட்டிகள் நசுங்கி நசுங்கி வேகத்தைக் குடிக்கும். அடுக்கு எடைக்குத் தகுந்த மாதிரி இருக்க வேண்டும். என் ஐம்பத்திரண்டு கிலோவுக்கு ஐந்து வரிசை, லேசான பெட்டி. தம்பியின் எண்பதுக்கு ஏழு வரிசை, அடியில் கெட்டிப் பெட்டி. கனமானவன் லேசான அடுக்கில் விழுந்தால் நேரே தரைக்குப் போய்விடுவான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அடுக்கினவரோ, அடுக்கைச் சரிபார்த்தவரோ கீழே நின்று கையைத் தூக்க வேண்டும். கை தெரிந்தால் குதி, தெரியாவிட்டால் குதிக்காதே. தம்பி குதித்த பதினான்கு தடவையும் கீழே நின்று தூக்கியது என் கை. மாஸ்டர் மைக்கில் தொண்டை கிழியக் கத்தினாலும் என் கையைப் பார்க்காமல் அவன் அசைந்ததில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்து என் அடுக்கை நானே அடுக்கினேன். ஒரு பெட்டியைக்கூட வேறு யாரையும் தொட விடவில்லை. சரிபார்த்துக் கை தூக்க வேண்டியவன் தம்பி. சாயங்காலம் வெயில் சாயும்போது ஷாட். ஐந்து மணிக்கு உடையைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன், படக் கம்பெனி மேனேஜர் வந்து மாஸ்டர் காதைக் கடித்தார். மாஸ்டர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

“பூனை, கோவப்படாத” என்றார். எப்படி விழுந்தாலும் நாலு காலில் நிற்பேன் என்று இந்தத் தொழில் எனக்கு வைத்த பெயர் அது. “உன் தம்பி குதிக்கட்டும்.”

“ஏன்?”

மேனேஜர் முன்னால் வந்தார். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இது பெண்களுக்கான படம். இதுல ஒரு பெண்ணுக்கு அடிபட்டுச்சுன்னு வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்? படத்தோட பேரே போயிடும்.”

“ஆம்பளைக்கு அடிபட்டா?”

“அது... வழக்கமா நடக்கறதுதானே.”

“அப்ப பெண்களுக்கான படத்துல பெண் குதிக்கக் கூடாது. அப்படித்தானே?”

“முகமூடி இருக்கேம்மா. யாருக்குத் தெரியப்போகுது?”

நான் மாஸ்டரைப் பார்த்தேன். இருபத்தொரு வருடம் அவர் சொன்ன இடத்திலெல்லாம் விழுந்திருக்கிறேன். “ஒரு வார்த்தை சொல்லுங்க மாஸ்டர்.”

“அடுத்த படத்துல பார்ப்போம்மா” என்றார்.

எந்த அடுத்த படம்? எனக்கு மூக்கு நுனியில் கோபம். கோபம் முன்னால் ஓடும், மூளை பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும், பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அங்கேயே உடையைக் கழற்றி மேனேஜர் காலடியில் விட்டெறிந்து, உள்ளே போட்டிருந்த பனியனும் கால்சட்டையுமாக நின்றேன். தம்பி ஓடி வந்தான். “அக்கா, நான் முடியாதுன்னு சொல்லிடறேன். நீ ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே கிளம்பிடலாம்” என்றான்.

“போ, போய்க் குதி! பதினஞ்சாவது கையெழுத்து வாங்கிக்கோ!” என்றேன். அவன் முகம் செத்துவிட்டது. அவனிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான், அவன் காலில் உயிர் இருந்தபோது.

வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே டெய்லர் உடையின் இரண்டு பக்கமும் பிரித்து, துணி ஒட்டு வைத்து, அவன் உடம்புக்குப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். அதற்கு நாற்பது நிமிடம் ஆயிற்றாம். அடுக்கை ஏழு வரிசையாக மாற்ற இருபது நிமிடம் போதும். நாற்பது நிமிடமும் நான் வேனில் உட்கார்ந்து, மேனேஜரை, மாஸ்டரை, அந்த முகமூடியை, பெண்களுக்கான படத்தை, ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டிருந்தேன். தம்பியையும் திட்டினேன். ஆம்பளையாகப் பிறந்தான் அல்லவா, அதற்கு.

பெட்டி ஞாபகம் வந்தது மைக்கில் “ரெடி” கேட்டபோதுதான். ஐந்து வரிசை! கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது. சந்து முனைக்கு நான் வந்தபோது பெட்டிகள் நசுங்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பதினான்கு தடவை கேட்டிருக்கிறேன். இது அது இல்லை.

மேலே தம்பியோடு நின்ற உதவியாள் பிறகு சொன்னான்: தம்பி விளிம்பில் நின்று, “அக்கா எங்கே?” என்று கேட்டானாம். “உங்கக்கா அடுக்கினதுதான்டா, வெளிச்சம் போகுது, குதி” என்றாராம் மாஸ்டர். சரிபார்க்கவில்லையா என்று உதவியாள் கேட்டதற்கு, “அக்கா அடுக்கினதை நான் என்ன பார்க்கறது” என்றானாம் தம்பி. அவசரத்தில் அவன் எண்பது கிலோ யாருக்கும் உறைக்கவில்லை. உறைக்க வேண்டியவள் வேனில் இருந்தேன்.

முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே ஒரு உணர்வும் இல்லை. மருத்துவர் படம் காட்டி விளக்கினார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் மாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் என் கையேடு. அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது: உயரக் குதி, அறுபது அடி. கீழே அவர் கையெழுத்து. குதித்தவர் இடத்தில் என் பெயர்.

“கம்பெனி பேப்பர்லயும் உன் பேர்தான்மா இருக்கு. எல்லாச் சண்டையும் ஒரு பெண்ணே செஞ்சதுன்னு விளம்பரம் பண்ணிட்டாங்க. தம்பி பெட்டியை எடுத்து வைக்கும்போது தவறி விழுந்ததா எழுதிக்கறாங்க. கடைசி வரைக்கும் வைத்தியம் அவங்க பார்த்துக்கறாங்களாம். நீ மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.”

அந்தக் கையேட்டை அவர் முகத்தில் எறியத்தான் கையை ஓங்கினேன். படுக்கையிலிருந்து தம்பி, “வாங்கிக்கோக்கா” என்றான். “என்னால இனிமே ஒண்ணும் ஆகாது. வைத்தியமாவது நடக்கட்டும். உனக்கும் அட்டை வரட்டும்.”

“நான் எப்படிடா...”

“வாங்கிக்கோ. ஒருத்தராவது மாஸ்டர் ஆகணும்ல.”

வாங்கிக்கொண்டேன். மானம், ரோஷம் எல்லாம் வாய்கிழியப் பேசுகிற நான், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வேனில் இருந்ததை அவனிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை வாயைத் திறந்திருக்கிறேன். “தண்ணி கொடுக்கா” என்பான். இன்றுவரை அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அட்டை வந்தது. சங்கத்தில் முதல் பெண் மாஸ்டர் என்று கைதட்டினார்கள். ஏழு மாதமாக அது மேஜை டிராயரில் இருக்கிறது. ஒருவரும் கூப்பிடவில்லை. அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள். அதில் அவளை யாரோ கடத்திக்கொண்டு போகிறார்களாம், காப்பாற்ற ஒருவன் வருகிறானாம். அதைப் படித்துக் காட்டிய தம்பி, “போச்சு, இனி அழுகைதான். உனக்கு லீவுக்கா” என்று சிரித்தான். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

முதல் பாகம் வெளியானபோது, போயே ஆக வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். தம்பியும் வருவேன் என்றான். சக்கர நாற்காலியைக் கடைசி வரிசை ஓரத்தில் நிறுத்தினோம். அரங்கம் முழுக்கப் பெண் குழந்தைகள். சிலர் அட்டையில் முகமூடி வெட்டி மாட்டியிருந்தார்கள்.

அந்தக் காட்சி வந்தது. கட்டடத்தின் விளிம்பு, சாயும் வெயில், முகமூடி. குதிப்பதற்கு முன்னால் அவள் வலது பக்கம் திரும்பிக் கீழே பார்க்கிறாள். ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று. இந்தப் பார்வையைப் பற்றி எல்லோரும் எழுதியிருந்தார்கள். காப்பாற்றப்போகும் ஊரை அன்போடு பார்க்கிறாள் என்று ஒருவர் எழுதியிருந்தார். வலது பக்கம் கீழே சந்து முனை. நான் நின்று கை தூக்க வேண்டிய இடம்.

பிறகு குதித்தாள். குழந்தைகள் எழுந்து நின்று கத்தினார்கள். என் மகள் நாற்காலி மேல் ஏறி, “எங்கம்மா! எங்கம்மா!” என்று அலறினாள். முன்வரிசையெல்லாம் திரும்பிப் பார்த்தது. எனக்கு இருட்டில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தம்பி இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான்.

சத்தம் அடங்கியதும் மகள் என் பக்கம் சாய்ந்தாள். “அம்மா, குதிக்கறதுக்கு முன்னாடி அவ்வளவு நேரம் யாரைப் பார்த்த?”

தம்பிதான் பதில் சொன்னான்.

“கீழே பெட்டி பார்த்தவங்க கையைத் தூக்குவாங்க, செல்லம். அதைப் பார்த்துட்டுத்தான் குதிக்கணும்.”

“அப்ப, கையைத் தூக்கினாங்களா மாமா?”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தூக்கினாங்க” என்றான்.