நாமகிரிப்பேட்டைப் பக்கம் கேட்பவர்களுக்கு

காலையில் வீரபாகு இறந்துபோனபோது அவருடைய மகள் நர்மதாவுக்கு அழுகை வரவில்லை. அப்பாவின் கையை எடுத்து மார்மேல் வைத்துவிட்டு, பால் பொங்கி வழிந்த அடுப்பை அணைத்தாள்.

அண்ணன் காளிதாஸுக்குச் சொல்ல வேண்டும். அவனுடைய போன் வெகுகாலமாக அணைந்தே கிடந்தது. அவன் மனைவி பிரிந்து போனபோது அப்பா மருமகள் பக்கம் நின்று பேசினார். அன்றைக்கு வீட்டை விட்டுப் போனவன்தான். நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஏதோ கோழிப்பண்ணையில் இருக்கிறான் என்ற அளவில் தெரியும். எந்தப் பண்ணை என்று தெரியாது. பெரியப்பா மகன் மதன் பைக்கில் தேடிப்போனான். நோய்த்தடுப்பு என்று சொல்லி எந்தப் பண்ணையிலும் கேட்டைத் தாண்ட விடவில்லை.

ராசிபுரத்துக்கு வெளியே ஒரு கல்லூரி நடத்தும் சிறிய வானொலியில் நர்மதா அறிவிப்பாளர். மதியம் ஓடும் பழைய பாட்டு நிகழ்ச்சி அவளுடையது. கல்லூரி மாடியிலிருக்கும் கம்பத்திலிருந்து கிளம்பும் அலை, சேலத்தையும் எட்டாது, நாமக்கல்லையும் எட்டாது. நாமகிரிப்பேட்டைப் பக்கம் சில ஊர்களில் தெளிவாகக் கேட்கும். மலை மறைக்கிற ஊர்களில் இரைச்சல்தான். ஆனால் அங்கே பண்ணைக் கொட்டகைகளில் நாள் முழுக்க ரேடியோ ஓடும். மனுசக் குரல் பழகிவிட்டால் கோழி மிரளாது என்பார்கள்.

நிலையப் பொறுப்பாளர் மருதாசலம் அவளைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"நீ ஏம்மா வந்தே? நிகழ்ச்சிய சௌமியா பாத்துக்குவாளே."

"ஒரு அறிவிப்பு மட்டும் சொல்லிட்டுப் போயிடறேனுங்க சார்."

முதல் பாட்டு முடிந்ததும் மைக்கைத் திறந்தாள். "நாமகிரிப்பேட்டைப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு ஓர் அறிவிப்பு. போர்வெல் வண்டியில் டிரைவராக இருந்த ராசிபுரம் வீரபாகு அவர்கள் இன்று காலை காலமானார். அவருடைய மகன் காளிதாஸ் எங்கிருந்தாலும் உடனே வீட்டுக்கு வரவும்."

மின்தடை, மாட்டு மருத்துவ முகாம் எல்லாம் வாசிக்கிற அதே குரல்தான் வந்தது. அவள் முயன்று அப்படிப் பேசவில்லை. வேறு குரல் எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் மறுபடி சொன்னாள்.

நடுவில் ஒரு போன் வந்தது. தினமும் பாட்டுக் கேட்டுக் கூப்பிடுகிற முத்தாயம்மாள்.

"ஏஞ்சாமி, ஆரு அந்த வீரபாகு? பாவம், மகன் எங்க இருக்கறான்னே தெரியலியா?"

"தெரிஞ்சவருங்க" என்றாள் நர்மதா.

"செரி சாமி. எனக்கு அந்தக் கப்பல் பாட்டு ஒண்ணு போட்டுடு."

போட்டாள். அது முடிகிறவரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, சௌமியாவிடம் நாற்காலியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வெயில் சாய்கிறவரை காத்திருந்தார்கள். தெருமுனையில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "இனி வெச்சிருக்க முடியாது கண்ணு" என்றார் பெரியப்பா. நர்மதா தலையாட்டினாள். மதன் கொள்ளிச்சட்டியைத் தூக்கினான்.

மறுநாள் காலை ஒரு முட்டை வண்டி வாசலில் நின்றது. காளிதாஸ் இறங்கினான். சட்டையில் தீவனத் தூசி அப்படியே இருந்தது. வெறிச்சென்று கிடந்த கட்டிலைப் பார்த்துவிட்டு அதன் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தான். நர்மதா எதிரே உட்கார்ந்தாள்.

"எடுத்தாச்சா?"

"நேத்தே எடுத்தாச்சு. உனக்கு ரேடியோ கேக்கலியாண்ணா?"

"கேட்டுச்சு."

கட்டில் காலைப் பார்த்தபடி சொன்னான்.

"முட்டை எடுத்துட்டிருந்தேன். நீ கரண்ட் நிறுத்தறதச் சொல்ற மாதிரியே சொன்ன. வேற எவனோ வீரபாகுன்னு நெனச்சேன். அப்பறம் எம் பேரச் சொன்ன. அப்பவும் கை நிக்கல நர்மதா. கொட்டகை முடியற மட்டும் எடுத்துட்டே இருந்தேன். முடிச்சதும் அங்கயே ஒக்காந்தேன். எந்திரிக்க முடியல. நீ மறுக்கா மறுக்காச் சொன்னதெல்லாம் கேட்டுட்டேதான் கெடந்தேன்."

கோபம் வரும் என்று நர்மதா எதிர்பார்த்தாள். வரவில்லை. அவன் சொன்னது அவளுக்கு முழுசாகப் புரிந்தது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஒரு தடவைகூட அப்பான்னு சொல்லல நீ" என்றான்.

"சொல்லியிருந்தா பாதியில நின்னுருப்பேன்."

பால் தெளிக்க மயானத்துக்குப் போனார்கள். சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. காளிதாஸ் பாலை ஊற்றும்போது மதன் சொம்பைக் கூடப் பிடித்துக்கொண்டான். நர்மதா சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றாள். சாம்பல் புஸ்ஸென்று அடங்கியது.

திரும்பும் வழியில் மதன் முன்னால் போய்விட்டான். அண்ணனும் தங்கையும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"கடைசியா என்ன சாப்ட்டாரு?"

"ரவைக் கஞ்சி. பாதிய வெச்சுட்டாரு."

"சக்கரை போட்டியா?"

"போட்டேன்."

அவன் தலையாட்டினான். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. வீட்டில் சொந்தக்காரர்கள் காத்திருப்பார்கள் என்று நர்மதா எழுந்தாள். காளிதாஸும் எழுந்து அவள் பின்னால் நடந்தான்.