வெறுங்கையோடு

என் கணவர் ஒரு மனிதனுடைய சட்டைப் பையிலிருந்து திருவிருந்து அப்பத்தை எடுத்தபோது நான் முன்வரிசையில் கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்தேன். ‘எடுத்தார்’ என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். பார்த்தவர்களுக்கு அது பறித்த மாதிரித்தான் இருந்தது.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, யூன் மாதக் குளிர். சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் வெள்ளைக்காரருடைய சபை மண்டபம் ஒன்றை ஞாயிறு பின்னேரங்களில் வாடகைக்கு எடுத்து எங்கள் தமிழ்ச் சபை நடந்துகொண்டிருந்தது. என் கணவர்தான் பாஸ்டர். பாஸ்டர் இராசையா என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கிழமை நாட்களில் பிளாக்டவுனில் ஒரு களஞ்சியத்தில் சாமான் தூக்கி அடுக்குகிற போர்க்லிப்ட் ஓட்டுவார். ஞாயிறென்றால் கோட்டும் ரையுமாக வேறு ஆள். நல்ல குரல். நல்ல மனிதர் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையைக் கேட்டுவிட்டு யாரும் மறந்துபோகக் கூடாது. பிணம் எடுக்கிற வீட்டுக்கும் பிள்ளை பிறந்த வீட்டுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆனால் ஒழுங்கு என்று வந்தால் மனிதருக்குக் கண் தெரியாது. திருவிருந்து மேசையில் விரிக்கிற வெள்ளைத் துணியில் ஒரு மடிப்பு இருந்தாலும் அன்றைக்கு வீட்டில் எனக்குப் பிரசங்கம் இருக்கும்.

அந்த மனிதர் லதீஸ். அவரைச் சபைக்கு அழைத்து வந்தது லோஜன். லோஜன் எங்கள் சபையில் வளர்ந்த பிள்ளை, வான் வண்டியில் பொதி கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. லதீஸ் படகில் வந்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும். அகதித் தடுப்பு முகாமிலிருந்து விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கிரவீனில் ஒரு வீட்டில் அவரைப் போன்ற ஆண்களோடு இருந்தார். தற்காலிக விசா, கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை, மனைவியும் மகளும் கிளிநொச்சியில். பரம்பரைச் சைவக்காரர். லோஜன் அந்த வீட்டுக்கு மெத்தைகள் கொண்டுபோய்க் கொடுத்த நன்றிக்காக ஒருநாள் வந்தார். பாட்டு நல்லாயிருக்கு என்று பிறகும் வந்தார். கடைசி வரிசையில் இருப்பார், தேத்தண்ணி குடிப்பார், கதிரைகளை அடுக்கிவிட்டுப் போவார்.

அன்றைக்கு மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. வரிசை வரிசையாக எழும்பி எல்லோரும் முன்னால் போக, அவரும் எழும்பிப் போனார். ஞானஸ்நானம் எடுக்காதவர்கள் தங்கள் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எங்களுக்கு அது தெரிந்த விஷயம், ஆகவே சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. இடது கைக்கு மேல் வலது கையை வைத்து, குனிந்து, எங்களில் பலரைவிடப் பக்தியாக அப்பத் துண்டை வாங்கினார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு ஒரு டிஷ்யூவில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பவும் கையை நீட்டினார்.

“ஐயா, வீட்டில இன்னும் ஆக்கள் இருக்கினம்.”

கோயிலுக்குப் போன எந்த ஊர் மனிதனும் செய்வதுதான். போக முடியாதவனுக்குப் போனவன் கொண்டுபோய்க் கொடுப்பான். எனக்கு அது உடனே விளங்கியது. சிரிப்பும் வந்தது, நெஞ்சையும் ஏதோ செய்தது. என் கணவருக்கு விளங்கியது வேறு.

“தம்பி, இது பிரசாதமில்லை. கொண்டுபோற சாமானுமில்லை” என்று சொல்லிக்கொண்டே அந்த மனிதனுடைய பைக்குள் இரண்டு விரலை விட்டு டிஷ்யூவை வெளியே எடுத்தார். கொலரில் குத்தியிருந்த மைக் அதை மண்டபம் முழுவதற்கும் சொன்னது. பின்னால் யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. எடுத்த துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் பாஸ்டர் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். லதீஸ் “சொறி ஐயா” என்றார். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நடுவழியால் நடந்து, தன் இடத்தில் இருக்காமல், நேரே வெளியே போய்விட்டார். கதிரை அடுக்க அன்றைக்கு ஒரு கை குறைந்தது.

தேத்தண்ணி நேரத்தில் சிறிதரன் வந்து என் கணவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். சபைக் கமிட்டியின் தலைவர். அவரே சைவத்திலிருந்து வந்தவர். அப்படி வந்தவர்கள் எங்களைவிடக் கறார். “பாஸ்டர், நீங்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. இதில விட்டுக் குடுத்தமெண்டா பிறகு ஒண்டுக்கும் அர்த்தமில்லை” என்றார். என் கணவர் தலையை ஆட்டினார். பாராட்டினால் முகம் மலருகிற மனிதர், அன்றைக்கு மலரவில்லை. அதைக் கண்டவுடனேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

காரில் பெம்ல்வே பாலம் தாண்டியதும் அவர் தொடங்கினார்.

“ஒழுங்கெண்டு ஒண்டு இருக்கு, மலர்.”

“ஓம்.”

“நான் குடுத்திருக்கவே கூடாது. அது என்ர பிழை. ஆனா குடுத்தாப் பிறகு...”

“நான் ஒண்டும் சொல்லேல்லையே.”

“நீர் சொல்லாட்டியும் எனக்குக் கேக்குது” என்றார்.

திங்களும் செவ்வாயும் அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கழுவின காரைத் திரும்பக் கழுவினார். கறியில் உப்புக் கூட என்றார், அடுத்த வாய்க்கு உப்புக் காணாது என்றார். முப்பது வருடம் கூட இருந்தவளுக்கு இந்த மனிதர் எங்கே நோகிறார் என்று தெரியும். தான் சரி என்று அவர் நிரூபிக்க நிரூபிக்க, அந்தச் சரி அவரைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது. நான் உதவிக்குப் போகவில்லை. முதியோர் இல்லத்தில் நேர்ஸ் வேலை பார்க்கிறேன். எந்தக் கட்டியை அமுக்க வேண்டும், எதைத் தானாகப் பழுக்க விட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

புதன்கிழமை லோஜன் போன் எடுத்தான். லதீஸ் அண்ணை இனி வரமாட்டாராம், கோவம் என்றில்லையாம், வெக்கமாய் இருக்காம். அந்த அப்பம் யாருக்கு என்றும் சொன்னான். அந்த வீட்டில் ஒருவருக்கு அந்த ஞாயிறுக்கு அடுத்த நாள் இமிகிரேஷன் இன்டர்வியூ இருந்திருக்கிறது. பயத்தில் சாப்பிடாமல் கிடந்த மனிதர். அவருக்கு என்றுதான் லதீஸ் அப்பத்தைச் சுற்றிப் பையில் வைத்திருக்கிறார், மற்றவர்களுக்கும் என்று திரும்பக் கை நீட்டியிருக்கிறார். என் கணவர் போனை வைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது.

“நான் போய் அவரைக் காணவேணும்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தது வசதியாகப் போயிற்று.

வியாழன் பின்னேரம் வேலையால் வந்ததும் வெளிக்கிட்டார். நான் காரடிக்குப் போனால் பின் டிக்கியில் ஒரு மூட்டை சம்பா, பருப்பு, மீன் ரின்கள், மா பக்கெட்டு. கடையையே ஏற்றி வைத்திருந்தார்.

“இதெல்லாம் என்னத்துக்கு?”

“வெறுங்கையோடயோ போறது?”

“ஓம், வெறுங்கையோடதான். இதோட போனா நீங்கள் உதவி செய்ய வந்த பாஸ்டர். அவர் தாங்ஸ் சொல்ல வேண்டி வரும். மன்னிப்புக் கேக்கப் போற ஆளுக்கு அவர் ஏன் தாங்ஸ் சொல்லோணும்?”

அவருக்குக் கோபம் வந்தது. அது எனக்குத் தெரிந்த கோபம். கொடுத்துக் கொடுத்தே பழகிய மனிதர். கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு வீட்டு வாசலில் எப்படி நிற்பது என்று அவருக்குத் தெரியாது. டிக்கியை ஒருதரம் சாத்தித் திரும்பத் திறந்தார். பிறகு ஒவ்வொன்றாக இறக்கி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். அரிசி மூட்டையை இறக்கும்போது மட்டும் ஒரு பெருமூச்சு.

கிரவீன் வீட்டில் ஹோலிலேயே மெத்தைகள் போட்டிருந்தார்கள். இருந்தது ஒரே கதிரை. அதைக் கொண்டுவந்து பாஸ்டருக்குப் போட்டார்கள். அவர் பழக்கதோஷத்தில் அதில் இருக்கப் போய், என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதை எனக்குத் தள்ளிவிட்டுத் தான் மெத்தை நுனியில் இருந்தார். முழங்கால் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. லதீஸ் எதிரே சுவரோடு சாய்ந்திருந்தார். மற்றவர்கள் மரியாதைக்கு உள்ளே போனார்கள்.

“தம்பி, திருவிருந்து எண்டு சொன்னா அதுக்கு எங்களிட்ட ஒரு அர்த்தம் இருக்கு...” என்று என் கணவர் தொடங்கினார். குரல் ஞாயிற்றுக்கிழமைக் குரலாக ஏறத் தொடங்கியது. நான் இருமினேன். அவர் நிறுத்தினார். அந்த நல்ல குரல் எங்கேயோ போய், போர்க்லிப்ட் ஓட்டுகிறவருடைய குரல் வந்தது.

“நான் செய்தது பிழை. அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

லதீஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குக் கோவமில்லை ஐயா. பிழையெண்டு சொல்லியிருந்தா நானே எடுத்துத் தந்திருப்பன்” என்றார். பிறகு, குரலைக் கூட்டாமல், “ஊரில ஆமி செக்பொயின்ரில பொக்கற்றுக்க கையை விடுவாங்கள். பேசாம நிப்பம். இஞ்ச வந்தாப் பிறகு என்ர பொக்கற்றுக்க கையை விட்ட முதல் ஆள் நீங்கள்தான். அதுவும் அவ்வளவு சனத்துக்கு முன்னால” என்றார்.

என் கணவர் எந்தத் துக்க வீட்டிலும் வார்த்தைக்குத் தட்டுப்பாடில்லாத மனிதர். தன் வலது கையைப் பார்த்தார். கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை. லதீஸ்தான் கடைசியில், “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அன்ரி” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பி வரும்போது அவர் கேட்டார். “மன்னிச்சதெண்டு அவர் சொல்லேல்லை, என்ன?”

“சொல்லேல்லை. நீங்கள் அங்க ஒண்டும் வாங்கிக்கொண்டு வரப் போகேல்லையே.”

கொஞ்ச தூரம் ஓட்டினார். “அவ்வளவு சனத்துக்கு முன்னால எண்டு சொன்னவர்” என்றார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை சிறிதரன் வீட்டுக்கே வந்துவிட்டார். பாஸ்டர் அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார், அதுவும் ஒரு ஒழுங்குதானே. “தனியப் போய்க் கேட்டதே பெரிய விஷயம். மேடையில நிண்டு கேட்டீங்களெண்டா நாளைக்கு உங்கட சொல்லை ஆர் கேப்பினம்? இளம் பிள்ளையளும் இருக்குதுகள்” என்றார். அவர் பொல்லாதவர் இல்லை. இந்தச் சபை குலைந்துவிடக் கூடாது என்று உண்மையாகவே பயந்தார். வீடுகளின் கொல்லைக் கோடிக்குள் நின்று பிரார்த்தித்துக்கொண்டிருந்த சனத்துக்கு ஒரு கூரையை உண்டாக்க அவரும்தான் ஓடித் திரிந்தவர்.

“சிறி, பறிச்சது சனத்துக்கு முன்னால நிண்டுதானே” என்றார் என் கணவர். “குனிஞ்சா விழுந்துபோற பாஸ்டரெண்டா, நான் நிமிர்ந்து நிண்டும் என்ன பிரயோசனம்?”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்கி முதல் பாட்டு முடிந்ததும் அவர் முன்னால் வந்தார். லதீஸை வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுவும் ஒரு கூத்தாகப் போயிருக்கும். கடைசி வரிசையில் அவருடைய இடம் வெறுமையாக இருந்தது. என் கணவர் சொன்னார், சுருக்கமாக, ஒரு வசனமும் இழுக்காமல். அவர் முடிக்கிற நேரம் பின்கதவு திறந்தது. லதீஸும் இன்னொருவரும். குளிர்காற்றும் கூட வந்தது. இன்டர்வியூவுக்குப் போனவர் அந்த இன்னொருவர் என்று பிறகுதான் தெரிந்தது. முதல் தடவையாகச் சனத்துக்கு முன்னால் வருகிற மாதிரி இருவரும் கூச்சத்தோடு கதவடியிலேயே இருந்தார்கள்.

என் கணவர் என்னைப் பார்த்தார். ஒருமுறை சொல்லி முடித்தாயிற்று, இனிப் பிரசங்கத்துக்குப் போகலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டிய ஆள் இல்லாத நேரத்தில் சொன்னது சுகமாகவே முடிந்திருந்தது. நான் ஒரு உதவியும் செய்யவில்லை, கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கொலர் மைக்கைச் சரிசெய்தார்.

“திரும்ப முதலில இருந்து சொல்லுறன்” என்றார். “போன கிழமை லதீஸ் தம்பி திருவிருந்துக்கு வந்தவர். அவர் செய்தது தெரியாமச் செய்தது. நான் செய்தது தெரிஞ்சு செய்தது. அவற்ற சட்டைக்குள்ள கையை விட எனக்கு ஒரு உரிமையும் இல்லை. ஒழுங்கைப் பாத்தன், ஆளைப் பாக்கேல்லை. தம்பி, நீங்கள் என்னை மன்னிக்கோணும். இப்ப மறுமொழி சொல்லத் தேவையில்லை.”

இரண்டாம் முறை குரல் நடுங்கியது. முதல் முறை நடுங்கவில்லை. லதீஸ் தலை குனிந்திருந்தார். கூட வந்தவர் அவருடைய முழங்காலில் கையை வைத்திருந்தார். சிறிதரன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நிமிஷத்தில் என் கணவரைப் போல ஒரு பாஸ்டர் சிட்னியில் இல்லை என்று எனக்குப் பட்டது. பெருமைதான். பாவமென்றால் கர்த்தர் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

ஆராதனை முடிந்தால் பிரசங்கப் பீடத்தைப் பக்கத்து ஷெட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும், மண்டபக்காரருடைய சட்டம். தேக்கு மரத்தில் செய்த பாரமான சாமான், இரண்டு பேர் தூக்க வேண்டும். வழக்கமாக என் கணவர் முன்னுக்குப் பார்த்துக்கொண்டு கட்டளை போட, லோஜன் பின்பக்கமாக நடப்பான். அன்றைக்கு லோஜன் கீபோர்ட் வயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். என் கணவர் தனியே பீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது லதீஸ் வந்தார். வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தார். அவர் பிடித்த பக்கம் வழியைப் பார்க்கிற பக்கம், பின்பக்கமாக நடக்க வேண்டியது என் கணவர்.

தூக்கினார்கள். கதவுக்கு வெளியே சரிவுப் பாதை, மழையில் நனைந்து வழுக்கல். என் கணவர் பழக்கத்தில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கப் போனார்.

“பாக்காதேங்கோ, விழுந்துபோவியள்” என்றார் லதீஸ். “நான் சொல்லுறன். காலை மெல்ல வையுங்கோ. இன்னும் வாங்கோ. வலப்பக்கம் கொஞ்சம்.”

என் கணவர் கழுத்தை நேரே திருப்பினார். பீடத்துக்கு மேலால் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தபடி, ஒவ்வொரு காலாகப் பின்னால் வைத்துச் சரிவில் இறங்கினார்.