அஜய் வரைந்த தட்டு

பழனிப் பக்கத்திலிருந்து வந்த ரங்கசாமி, மஞ்சப்பைக்குள்ளிருந்து அந்த அலுமினியத் தட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், துளை துளையாக இருந்தது. பெயர் இருந்த இடத்தை யாரோ அவசர அவசரமாக அரத்தால் ராவியிருந்தார்கள்.

"ஏனுங்க, இதே மாதிரி அடிச்சுக்கோணும். படம் போட்டுக் குடுத்துருங்க. ஆனாப் பாத்தா அதேதான்னு யாருக்கும் தெரியக் கூடாதுங்க."

டிசைன் ஆபீசின் முதலாளி கமலக்கண்ணன் வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிப் பழகாதவர். "முனீஸ்வரி, நீ பாத்துரும்மா" என்று தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு, ரங்கசாமியை டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

முனீஸ்வரி தட்டின்மேல் வெள்ளைப் பவுடர் அடித்து, ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் திறந்தாள். ஸ்கேனர் தருவது மெஷ். லட்சக்கணக்கான குட்டி முக்கோணங்களை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை மாதிரி ஒன்று. பார்க்கலாம், சுற்றலாம், ஒரு துளையைக் கொஞ்சம் பெரிதாக்கு என்றால் மசியாது. அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்து, இது வட்டம், இது கோடு, அளவு இவ்வளவு என்று அடியிலிருந்து ஸ்கெட்ச் போட்டுக்கொண்டு வரவேண்டும். மெஷ் ஓரிடத்தில் 3.47 என்று காட்டும், பக்கத்திலேயே 3.52 என்று காட்டும். வரைந்தவன் மனதில் என்ன அளவு இருந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. முனீஸ்வரி இதில் கெட்டிக்காரி. அது அவளுக்கும் தெரியும், கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

மூலைகளை எல்லாம் மூன்றரை மில்லிமீட்டர் வளைவுக்கு மழுக்கியிருந்தது. ஊரில் எல்லோரும் மூன்று வைப்பார்கள், இல்லை நாலு வைப்பார்கள். இந்த மூன்றரைப் பைத்தியம் அவளுக்குத் தெரிந்து ஒருத்தனுக்குத்தான் உண்டு. தட்டைத் திருப்பிப் பார்த்தாள். முதுகில் தாங்கலுக்காக நடுவிலிருந்து ஓரத்துக்கு எழுப்பிய பட்டைகள், ரிப் என்பார்கள், ஏழு இருந்தன. "ஏழுன்னா எதுக்கு நேர் எதிர்லயும் எதுவும் நிக்காது முனீஸ், மிஷின் அதிராது" என்று கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிய அஜயேதான். சந்தேகமே இல்லை.

கடைசி வருடப் புராஜெக்டை இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தார்கள். முருங்கைக்கீரை உருவுகிற மிஷின். கொத்தைத் தட்டின் துளையில் விட்டு இழுத்தால் காம்பு அந்தப் பக்கம் போகும், இலை இந்தப் பக்கம் உதிரும். துளையின் ஓரம் நேராக இருந்தால் இலை நசுங்கும், நசுங்கினது காயும்போது கறுக்கும், அதனால் ஓரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடு என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவன் கேட்கவில்லை. "உனக்கு எல்லாத்துலயும் நீ சொல்றதுதான்" என்றான் அவன். "அப்ப நீயே செஞ்சுக்க" என்றாள் இவள். அதோடு அவர்களுடைய பேச்சு பொங்கல் வாழ்த்து அளவுக்குச் சுருங்கிப்போனது. அவன் ரெட்டியார்சத்திரத்தில் ஷெட் போட்டு அந்த மிஷினைச் செய்து விற்கிறான், கல்யாணம் ஆகிவிட்டது, கைக்குழந்தை இருக்கிறது என்பதெல்லாம் கேள்விப்பட்டதுதான். அந்த ஷெட்டை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை என்பதும் தெரியும்.

போனை எடுத்து அவன் பெயர் வரைக்கும் போனாள். உன் தட்டைக் காப்பி அடிக்க வந்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை போதும். அவன் நேரில் போய் ரங்கசாமியிடம் பேசி ஏதாவது ஒரு வழி பண்ணிக்கொள்வான்.

அப்போதுதான் துளையின் ஓரம் கண்ணில் பட்டது. நேராகவே இருந்தது. இத்தனை வருடம் ஆகியும் அவன் மாற்றவில்லை. அவளுக்குச் சுருக்கென்றது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

இருந்ததை இருந்தபடி வரைந்து கொடுத்திருந்தால் பாதிப் பாவத்தோடு போயிருக்கும். அதேதான் என்று தெரியக் கூடாது என்றார் ரங்கசாமி. அதற்காக ஏழு ரிப்பை எட்டாக்கினாள், மூன்றரையை நாலாக்கினாள். அதோடு நிறுத்தினாளா மகராசி? யாருமே கேட்காத துளையின் ஓரத்தையும் சாய்த்தாள். ஒவ்வொரு துளையாக, ஆசை ஆசையாக. அன்றைக்கு மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷமாக அந்த வேலையைச் செய்தோமே என்பதைத்தான் பிற்பாடு அவளால் தாங்கவே முடியவில்லை.

ரங்கசாமியின் மிஷின் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஒட்டன்சத்திரத்துப் பக்கம் கீரைப்பொடி போடுகிறவர்கள் எல்லாம் இதில் இலை கறுப்பதே இல்லை என்று சொல்லிச் சொல்லி வாங்கினார்கள். கமலக்கண்ணன் அதைச் சொன்னபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அஜய் ஷெட்டைக் காலி செய்கிறான் என்ற சேதியும் அவர் வாயிலிருந்துதான் வந்தது.

மறுநாளே பஸ் ஏறிப் போனாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனாள். மூட்டை கட்டிக்கொண்டிருந்த அஜய் கையைத் துடைத்தபடி எழுந்து வந்தான்.

"வா முனீஸ். செத்த நேரம் உக்காரு. பரணி, டீ போடு."

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அவன் மனைவி பரணி, வாங்க என்று சொல்லவில்லை.

ரங்கசாமி விற்கிற தட்டு ஒன்று அவனிடமும் இருந்தது. எடுத்து அவள் மடியில் வைத்தான். "இந்தச் சாய்வப் பாத்ததுமே நீ போட்டதுன்னு தெரிஞ்சுபோச்சு. வேற எவன் யோசிப்பான்? நீ அன்னைக்குச் சொன்னதுதான் சரி முனீஸ். போன வருசமே எனக்குப் புரிஞ்சுச்சு. உன்ட்ட வந்து கேக்க வெக்கமா இருந்துச்சு."

"அஜய், நான் வந்து..."

"நீ என்ன பண்ணுவ? ரிப்பை மாத்தி, மூலைய மாத்தி, வேற தட்டாக்கித்தான் உன்ட்ட கொண்டாந்திருப்பானுங்க. என்னோடதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

பரணி டீயைக் கொண்டுவந்து நீட்டினாள். டம்ளரை விடாமலே கேட்டாள். "நெசமாவே உங்களுக்குத் தெரியாதாக்கா?"

"ஏய், என்ன கேள்வி இது?" என்றான் அஜய். "தெரிஞ்சிருந்தா எனக்கு ஒரு போன் அடிச்சிருக்க மாட்டாளா? இதுக்குத்தான் எத்தனை தடவ இவகூடச் சண்டை போட்டேன் தெரியுமா முனீஸ்?"

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"தெரியாதும்மா" என்றாள் முனீஸ்வரி.

பரணி டம்ளரை விட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சிருங்கக்கா. இம்புட்டு நாளா உங்களப் போயி தப்பா நெனச்சுட்டேன்."

"பரவாயில்லம்மா" என்றாள் முனீஸ்வரி.