கடைசி ஆளுக்குத் துணை

அந்த சைக்கிள் குழுவில் அவருக்கு வால் என்று பெயர். ஐம்பதைத் தாண்டிய மனிதரை இப்படியா கூப்பிடுவது என்று வெளியாட்கள் முகம் சுளித்ததுண்டு. அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. சின்ன வயதில் சேட்டை செய்து வாங்கியிருக்க வேண்டிய பெயர். அப்போது பரம சாதுவாக இருந்து தொலைத்ததால் இப்போதுதான் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேர் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினால் எல்லோருக்கும் பின்னால் வருவது அவர் வேலை. யாருக்காவது டயர் பஞ்சர் ஆனாலோ செயின் கழன்றாலோ மூச்சு முட்டினாலோ அவர்தான் நின்று பார்ப்பார்.

காலில் பலமில்லாமல் பின்னால் வந்தவர் இல்லை அவர். அவருடைய தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தான் அவரைக் கூப்பிடுவார்கள் என்பதால் வாழ்நாளெல்லாம் படியேறியே முட்டி இரும்பாகியிருந்தது. நினைத்தால் முதல் ஆளாகப் போயிருக்கலாம். சேர்ந்த புதிதில் இரண்டு முறை போயும் பார்த்தார். முன்னால் போகிறவர்கள் பேசுவதில்லை, மூச்சு மட்டும்தான் விடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டார். பின்னால் திணறிக்கொண்டு வருகிறவர்கள்தான் பேசுகிறார்கள். களைப்பை மறக்க வீட்டுக்கதை, ஆபீஸ்கதை, மாமியார்கதை எல்லாம் சொல்கிறார்கள். அதனால் அந்த இடத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அவர் ஒருவர்தான். கல்யாணம் தட்டித் தட்டிப் போய், பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அம்மா போன பிறகு அக்கா எப்போதாவது போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். வேலையிலும் பேச்சுத்துணை கிடையாது. ஏதாவது கெட்டால் ஆளாய்ப் பறந்து கூப்பிடுவார்கள். சரியானதும் லிஃப்ட் கதவு அவர் முகத்துக்கு நேரே மூடிக்கொண்டு மேலே போய்விடும். மற்ற நேரமெல்லாம் மொட்டைமாடி மேல் உள்ள மோட்டார் அறையில், கிரீஸ் வாசனையும் அவருமாகத்தான் இருப்பார்கள்.

கடைசி ஆட்கள் வந்தார்கள், போனார்கள். வேலை ஓய்வு பெற்ற ஒருவர், தொப்பையைக் கரைக்க வந்த ஒரு குமாஸ்தா என்று ஒவ்வொருவராக அவரோடு பேசிப் பேசியே தேறி, ஒருநாள் முன்னால் போய்விட்டார்கள். அவர்களைப் பார்த்து அவர் கைதட்டினார். அடுத்த கடைசி ஆளுக்குக் காத்திருந்தார்.

அப்படி வந்தவர்தான் எக்ஸ்பிரஸ். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பெண்மணி, நாற்பது வயது இருக்கும். குழுவிலேயே ஆகக் கடைசியாக வந்ததால், மருந்துக்கடை வைத்திருக்கும் குழுத்தலைவர் அந்தப் பெயரைச் சூட்டினார். அந்தப் பெண்மணி சளைக்கவில்லை. இருபது குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஐம்பதில் போகிறவள், இந்த இரண்டு சக்கரத்தில் தன்னை ஒருத்தியை ஏற்றிக்கொண்டு போக முடியவில்லையே என்று தானே சொல்லிச் சிரித்தாள். தலைவருக்கு அன்றே மாத்திரை என்று பெயர் வைத்துவிட்டாள். அவரும் அதற்குப் பிறகு அந்தப் பெயரிலிருந்து மீளவில்லை.

வால் அண்ணனுக்கு அந்த ஞாயிறுகள் பண்டிகையாக இருந்தன. அவள் வாய் ஓயாது. வேனில் தினமும் வாந்தியெடுக்கும் பையன், அவனுக்கென்றே பை எடுத்து வரும் பக்கத்து சீட்டுப் பெண், கப்பலில் சமையல் வேலை பார்க்கிற கணவர், எதற்கெடுத்தாலும் கதவைச் சாத்திக்கொள்ளும் பத்தாம் வகுப்பு மகள் எல்லோரும் அவருக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஏறும்போது மட்டும் அவள் பேச்சு நிற்கும். அப்போது அவர் பேசுவார். ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, வெளியே வந்ததும் அவரைக் கட்டிப்பிடித்து அழுத வக்கீலின் கதையைச் சொன்னால், அவள் சிரித்துச் சிரித்து சைக்கிளை விட்டு இறங்கிவிடுவாள். வாரத்தில் ஆறு நாளும் ஏழாம் நாளுக்கு என்ன சொல்லலாம் என்று அவர் சேர்த்து வைத்தார்.

அவளும் தேறத்தான் செய்தாள். ஒரு ஞாயிறு மேட்டில் இறங்காமலே ஏறிவிட்டாள். அதற்கடுத்த வாரம் பாதித் தூரம் மற்றவர்களோடு ஒட்டிக்கொண்டே போனாள். டீக்கடையில் எல்லோரும் அவளைக் கொண்டாடினார்கள். கணக்கு வாத்தியாரான ஏணி, பேருக்கேற்றபடி நெட்டையாக எழுந்து நின்று, எக்ஸ்பிரஸ் இன்றைக்குத்தான் நேரத்துக்கு வந்தது என்று அறிவித்தார். வால் அண்ணனும் சிரித்தார். ஆனால் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

அந்த வாரம் அவள் தன் சைக்கிளுக்குப் புது பிரேக் கட்டை போடச் சொல்லி அவரிடம் விட்டுப் போனாள். குழுவில் பாதிப்பேர் சைக்கிளை அவர்தான் பார்ப்பார். புதுக் கட்டையை மாட்டிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது நாலைந்து சுற்று சுற்றி நின்றது. இடப்பக்கத்துக் கட்டை சக்கரத்தில் லேசாக உரசுகிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஒரு சின்னத் திருகு திருப்பினால் போதும். திருப்புளியை எடுத்த கை அப்படியே நின்றது. அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு திருப்புளியைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

அந்த ஞாயிறு அவள் பழையபடி கடைசியாக வந்தாள். ஏதோ சத்தம் வருகிறதே என்று கேட்டதற்கு, புதுக் கட்டை, பழகப் பழகச் சரியாகிவிடும் என்று அவர் சொன்னார். பேச்சு மறுபடி பழைய இடத்திலிருந்தே தொடங்கியது. மகள் கதவைச் சாத்திய கதை, வேன் கதை, எல்லாம். சில வாரங்களில் கட்டை தேய்ந்து சக்கரம் மறுபடி உரசாமல் சுற்றத் தொடங்கியது. பார்த்துத் தருகிறேன் என்று வாங்கி, இந்த முறை அவரே திருகை உள்பக்கமாக ஒரு மயிரிழை திருப்பினார். முதல் தடவை கை சும்மா இருந்தது. இரண்டாம் தடவை கையே செய்தது. அதைப் பற்றி யோசிக்காமல் இருக்கும்படி அவர் பார்த்துக்கொண்டார். யோசிக்காமல் இருப்பதும் ஒரு வேலையாக இருந்தது.

அதன் பிறகு அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. மேட்டில் பழைய இடத்திலேயே இறங்க ஆரம்பித்தாள். வக்கீல் கதைக்குக்கூடச் சிரிப்பு பாதிதான் வந்தது. என்னவென்று அவர் கேட்டபோது தூக்கம் சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிறு விடியும் நேரத்தில், ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று அவசர அழைப்பு வந்து அவர் போக வேண்டியதாயிற்று. மோட்டார் அறையில் வேலை முடிந்து கை துடைக்கும்போது, சட்டைப்பையில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. குழுவின் வாட்ஸாப்பில் ஒரே கும்மாளம். எக்ஸ்பிரஸ் சைக்கிள் பஞ்சராகி, ஏணி டியூப் மாற்றிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். கட்டை உரசுவது அப்போதுதான் தெரிந்திருக்கிறது. எக்ஸ்பிரஸ் இத்தனை நாள் பிரேக் பிடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறது, இனி யாரும் வால் அண்ணன் பார்த்த லிஃப்டில் ஏறாதீர்கள், படிதான் பாதுகாப்பு என்று மாத்திரை எழுதியிருந்தார். அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். திருகைச் சரிசெய்ததும் அவள் மேட்டில் மூன்றாவது ஆளாக ஏறினாளாம், படமும் போட்டிருந்தார்கள். படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாட்ஸாப்பில் அவள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

அவர் அந்த அறையிலேயே ரொம்ப நேரம் நின்றார். கீழே யாரோ பொத்தானை அழுத்த, மோட்டார் சுற்றி நின்றது, சுற்றி நின்றது.

அடுத்த ஞாயிறு போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் போகாமல் வீட்டில் என்ன செய்வது என்று தெரியவில்லை, போனார். கிளம்பியதும் அவள் வேகத்தைக் குறைத்து அவர் பக்கத்தில் வந்தாள். மற்றவர்கள் வளைவில் மறையும்வரை காத்திருந்தாள்.

"அண்ணா, உங்க கை பட்ட சைக்கிள்ல திருகு தப்பாகாது. ஏண்ணா இப்படிப் பண்ணீங்க?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் அவர் சொன்னது வேறு.

"நீங்க முன்னாடி போயிட்டா எனக்குப் பேச ஆள் இல்லம்மா."

அவள் சைக்கிளை நிறுத்தினாள். அவரும் காலை ஊன்றி நின்றார். அவள் அவரைப் பார்க்காமல் பேசினாள். தன் அம்மா இதே வயதில் படியேறும்போது மூச்சு வாங்கி விழுந்து, அப்படியே போய்விட்டவர் என்றாள். நன்றாக ஏறிக்கொண்டிருந்த மேட்டில் திடீரென்று ஏற முடியாமல் போனதும் தனக்கும் அதுதான் என்று நினைத்து, யாருக்கும் சொல்லாமல் இதய ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாச் சோதனையும் செய்துகொண்டாள். ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் நம்பாமல், குழந்தைகளை ஏற்றப் போகும் முன் வேனுக்குள் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். தான் இல்லாவிட்டால், கதவைச் சாத்திக்கொள்கிற மகளை யார் பார்ப்பார்கள் என்று.

"பேசணும்னா பேசணும்னு சொல்ல வேண்டியதுதானே. ஒரு போன் பண்ணியிருக்கலாமே. எனக்கு நீங்க கூடப் பிறந்தவர் மாதிரிண்ணா. உங்களுக்கு நான் யாரு?"

அவள் மிதிக்கத் தொடங்கினாள். சைக்கிள் சத்தமில்லாமல் ஓடியது. அவர் எட்டிப் பிடிக்கவில்லை.

டீக்கடையில் மாத்திரை மறுபடி லிஃப்ட் ஜோக்கை எடுத்தார். கூட்டம் சிரித்தது. கவனக்குறைவு, வயசாகிவிட்டது, கண்ணாடி மாற்றுங்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்தச் சிரிப்பிலேயே எல்லாம் கரைந்துபோயிருக்கும். அவள் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று கோப்பைக்குள் குனிந்திருந்த தலையைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் எழுந்து, அது கவனக்குறைவு இல்லை, தெரிந்தே செய்தேன், பேச்சுத்துணை போய்விடுமே என்று செய்தேன் என்றார்.

முதலில் அதற்கும் ஒருவர் சிரித்தார். பிறகு சிரிப்பு ஓரமாக ஒதுங்கியது. ஏணி தன் சைக்கிளை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். போன மாதம் அதையும் வால் அண்ணன்தான் பிரித்து மாட்டியிருந்தார். மாத்திரை தொண்டையைச் செருமிக்கொண்டு, சரி, கிளம்பலாம், வெயில் ஏறுகிறது என்றார்.

அவரை யாரும் குழுவை விட்டு விலக்கவில்லை, ஏசவும் இல்லை. இனிமேல் கடைசி இடத்தை வாரம் ஒருவராகப் பார்த்துக்கொள்ளலாம், அண்ணன் ஒருத்தரே எத்தனை நாள் கஷ்டப்படுவார் என்று மாத்திரை நாசூக்காக எழுதினார். ஒரு ஞாயிறு குமாஸ்தாவின் செயின் கழன்றபோது, இவர் பழக்கத்தில் இறங்கிக் கிட்டே போனார். பரவாயில்லண்ணா, நானே பார்த்துக்கறேன் என்று சொல்லிவிட்டு, அந்த ஆள் கையெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு கால்மணி நேரம் அதோடு போராடினார். இவர் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

கூட்டத்தில் இனி எந்த இடத்தில் ஓட்டுவது என்று தெரியாமல் அவர் முன்னால் போனார். யாரும் பேசாத அந்த இடத்தில் மிதித்து மிதித்து, முதல் ஆளாகத் தண்ணீர்த்தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தார். மேலேயிருந்து பார்த்தால் சாலை முழுவதும் தெரியும். மஞ்சள் சட்டைகள் கொத்தாக ஏறி வந்துகொண்டிருந்தன. யாரோ எதையோ சொல்ல, கொத்து முழுவதும் குலுங்கியது. என்ன ஜோக் என்று அவ்வளவு தூரத்துக்குக் கேட்கவில்லை. வந்து சேர்ந்ததும் கேட்கலாம் என்று நினைத்தார், கேட்கவில்லை. அவள் வணக்கம்ணா என்பாள், அவர் வணக்கம்மா என்பார். அதற்குமேல் இல்லை. மன்னிப்புக் கேட்டு ஒருநாள் செய்தி எழுதினார். அவள் படித்ததற்கு அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை.

மழைக்காலம் வந்து மூன்று ஞாயிறு யாரும் சைக்கிள் எடுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அக்காவாக இருக்கும் என்று எடுத்தார். எக்ஸ்பிரஸ்.

"என்னண்ணா பண்றீங்க?"

"சும்மாதாம்மா உட்கார்ந்திருக்கேன்."

"எனக்கு இன்னும் கோபம் போகல. அதை முதல்ல சொல்லிடறேன்."

"சரிம்மா."

சைக்கிளில் போகும்போது மேடு இருந்தது, நாய் குறுக்கே வந்தது, எதையாவது பார்த்துப் பேச்சு நகர்ந்தது. போனில் வெறும் காது மட்டும்தான் இருந்தது. வாந்திப் பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். ஜன்னலோரம் உட்கார வைத்தபின் நின்றுவிட்டது, பை எடுத்து வந்த பெண்ணுக்குத்தான் வருத்தம் என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை.

"பாத்திரம் கிடக்கு. ஸ்பீக்கர்ல போட்டு வெச்சிட்டுக் கழுவறேன். நீங்க பேசறதுன்னா பேசுங்க, இல்லன்னா சும்மா இருங்க."

அவர் சரியென்றார். போனை மேஜைமேல் வைத்து, சத்தத்தைக் கூட்டினார். அங்கே குழாய் திறந்தது. ஏதோ தட்டு தொட்டியில் விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் என்னவோ கேட்க, வால் அண்ணன்டி, ஞாயிற்றுக்கிழமை மாமா என்று அவள் பதில் சொன்னாள். அவர் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.