ஆறு தலை சரியாக இருந்தது

என் வீட்டுக்காரருக்கு விருது கொடுத்தார்கள். ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கம்பெனியின் விற்பனைப் பிரிவையும் தூக்கி நிறுத்தினாராம். பிள்ளைகளைத் தூக்கியது யார் என்று விழாக் குழு விசாரிக்கவில்லை. நான் எலும்பு டாக்டர். பகலெல்லாம் ஊரார் எலும்பைச் சேர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஆறு பேர் சாக்ஸை ஜோடி சேர்க்கிறவள். எனக்கு யாரும் கேடயம் தருவதில்லை. தந்தாலும் அலமாரியில் இடமில்லை, எல்லாம் அவருடையது.

அன்றைக்கு எனக்கு ஆபரேஷன் இருந்தது. பிள்ளைகளை அவரே மண்டபத்துக்குக் கூட்டிவர வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. "பசங்களை வேன்ல ஏத்துறது என்ன பெரிய வித்தையா?" என்றார். ஆறு பேருக்கும் துணி எடுத்து வைத்துவிட்டுத்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் செய்ய வேண்டியது தலையை எண்ணுவது மட்டும்.

நான் மண்டபத்துக்கு ஓடி வந்தபோது அவர் மேடையில் மைக்கைப் பிடித்திருந்தார். "எவ்வளவு வேலை இருந்தாலும், ஒவ்வொரு குழந்தை முகத்தையும் பார்த்துப் பேசாம நான் தூங்கப் போறதில்ல," என்று அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நானும் முகங்களைப் பார்த்தேன். நாலாவதாக நின்றது எதிர்வீட்டுப் பெண்.

என் நாலாவது பெண் வரிசையிலேயே இல்லை. எதிர்வீட்டுக்குப் போன் போட்டேன். "உங்க பொண்ணு இங்கதான் இருக்கா. எங்க பொண்ணைத்தான் காணோம், தெருவெல்லாம் தேடுறோம்," என்று அந்தம்மா அழுதாள். "இங்க பத்திரமா இருக்கா, கூட்டிட்டு வரேன்," என்று சொல்லி வைத்தேன்.

நேரே மேடையேறி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தேன். "இது எதிர்வீட்டுக் குழந்தை. இவ அம்மா தேடிட்டிருக்காங்க," என்றேன். மைக் பக்கத்திலேயே இருந்தது, அதற்கு நான் பொறுப்பில்லை. தட்டிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக அடங்கின.

திரும்பி வரும்போது, "ஆறு தலை சரியா இருந்துச்சே," என்று அவர் முனகினார்.

"வேடிக்கை பார்த்துட்டிருந்தவளை அப்பாவே தூக்கி ஏத்தினாரு. இது நம்ம தங்கச்சி இல்லன்னு நாங்க சொன்னோம்மா. 'லேட்டாச்சு, வாயை மூடிட்டு உட்காருங்க'ன்னாரு," என்றான் மூத்தவன்.

அவருடைய கவலையெல்லாம் முதலாளி என்ன நினைப்பாரோ என்பதுதான். இந்த மனுஷனை நம்பி ஒரு பூனைக்குட்டியைக்கூட விட்டுப் போகக் கூடாது.

எதிர்வீட்டுப் படியில் என் நாலாவது உட்கார்ந்திருந்தாள். நான் எடுத்து வைத்த கவுன் கசங்கவேயில்லை. எதிர்வீட்டம்மா தன் பெண்ணை வாரி அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"நீ ஏன் வேன்ல ஏறல?" என்று கேட்டேன்.

"ஏறத்தான் போனேன். 'நீ உங்க வீட்டுக்குப் போம்மா, உங்கம்மா தேடுவாங்க'ன்னு அப்பா சொன்னாரு."

அவர் கேடயத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நான் உங்க பொண்ணுதான்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன் அவளிடம்.

"வேன்கிட்ட நிறைய பேர் நின்னாங்கம்மா," என்றாள். "சொன்னா அப்பாவுக்கு வெட்கமாயிடும்ல."